பாச்சை உருண்டை வாசம்

வால்பாறையில் எஸ்டேட் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதுதான் யோசனை வருகிறது. படமெடுக்க வந்த என் வியர்வை வாடைக்குத்தானே இரண்டு நாளாகக் கடமான்கள் ஓடுகின்றன? மேலே போய் உடம்பைத் துடைத்து, பையிலிருக்கும் காய்ந்த சட்டையை மாட்டிக்கொண்டு கேமராவுடன் உட்கார்கிறேன். ஒரு மான் மூக்கைத் தூக்கி மோந்துவிட்டுச் சோலைக்குள் மறைகிறது.

அருகில் தேயிலை பறிக்கும் பெண் சிரிக்கிறாள். "ஏனுங்க, கண்ணாலத்துக்குப் பொறப்பட்டீங்களா? பாச்சை உருண்டை வாசம் இங்க வரைக்கும் அடிக்குதுங்க."

"பீரோவுல இருந்த சட்டைங்க."

"அப்ப மானுக்கும் பத்திரிகை வெச்சுப்போட்டு வந்திருக்கோணும்."

இன்று ஆறு மணிப் பேருந்தில் ஊர் திரும்ப வேண்டும். இன்னும் ஒரு படம்கூட இல்லை. சட்டையைக் கழற்றி, வாசம் போகத் தேயிலைச் செடிமேல் விரிக்கிறேன். நாலு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு, சோலையிலிருந்து வரும் காற்று முகத்தில் அடிக்கும் பக்கம், என் வாடை மானுக்குப் போகாதபடி உட்காரப் போகிறேன்.