கொல்லிமலைக் காளான்

வீரபாண்டியில் நாங்கள் வேலை செய்த சாயப்பட்டறையில் நல்ல காற்று முதலாளி ராசப்பனின் ஏ.சி. அறையில் மட்டும்தான். கீழே, துணி வெளுக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒச்சாயிக்கு மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு கழிவு பனியன் துணி.

ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் செத்த பிறகு மகள் சித்ராதேவியைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவள். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு ரூபாய் போனில் மகளோடு பேசுவாள். அவள் சிரிப்பு எங்கள் லைன் வீடு முழுக்கக் கேட்கும்.

2004 மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை புண்ணானது. குளோரின் நெடி தாங்கவில்லை, காற்றை வெளியே இழுக்க ஒரு ஃபேன் மாட்டுங்கள் என்று கேட்டாள். ஃபேனுக்குப் பதில் ஒரு ஃபிளாஸ்க் வந்தது.

“கொல்லிமலை மரக்காளானுங்க அம்மணி. அந்தக் காலத்து வைத்தியம். ஒரு வாரம் குடிச்சீங்கன்னா தொண்டப்புண்ணு போன எடந் தெரியாது” என்றார் ராசப்பன். மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஈரச் சாக்கை வேகவைத்த மாதிரி நாறிய அந்தக் கசாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். குடித்துவிட்டு அதே தொட்டிப் பக்கத்தில் நின்றாள். புண் எங்கே ஆறும்? குரல் தேய்ந்துகொண்டே போனது. அந்த ஞாயிறு போனில், “நாந்தான்டி, அம்மா” என்றாள்.

“எங்கம்மா கொரலு இப்பிடி இருக்காது. யாரு நீங்க?” என்று மகள் போனை வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கும் அது கேட்டது.

மறுநாள் பாய்லருக்கு விறகு எடுக்க இருவரும் பின்பக்கம் போனோம். சாயக்கழிவு வாய்க்காலை ஒட்டி நனைந்து கிடந்த விறகில் காளான் முளைத்திருந்தது. வாட்ச்மேன் லிங்கசாமி அதைக் கத்தியால் பெயர்த்துக்கொண்டிருந்தான். அடிப்பக்கமெல்லாம் நீலம் ஏறியிருந்தது.

“இது எதுக்கு?” என்றேன்.

“இந்த அக்காவுக்குத்தானுங்க. மொதலாளி தெனமும் கொண்டாரச் சொல்லீருக்காரு” என்றான், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஒச்சாயி வாய்க்கால் ஓரத்திலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். சீ, இதையா ஒரு மனுஷிக்கு மருந்தென்று கொடுப்பார்கள்!

டீ நேரத்தில் ஃபிளாஸ்க் வந்தது. பின்னாலேயே ராசப்பனும் வந்தார்.

“இப்ப எப்புடி இருக்குதுங்க அம்மணி?”

ஒச்சாயி டம்ளரைத் தரையில் கவிழ்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றாள், அப்போதும் அதேதான். அவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.

அவர் காலடியில் காறித் துப்பினாள். அது மட்டும் பட்டறை முழுக்கக் கேட்டது.