அம்மாவுக்கு வேலையில்லாத கூட்டம்

ஹேவாஹெட்டயில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிரிக்கெட் அணியிலிருந்து மாமாவை நீக்கியபோது எனக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேளாத மாமா, எதிர்முனையில் நின்றவர் தொண்டை கிழியக் கத்தியும் நிற்காமல் ஓடிப்போய் அவரை ஆட்டமிழக்க வைத்துவிட்டார். அதுவும் இறுதிப் போட்டியில்!

"கூப்பிட்டா கேக்காத ஆள டீம்ல வச்சுக்கிட்டு என்னங்க செய்யிறது?" என்று அணித்தலைவர் அம்மாவிடம்தான் சொன்னார். மாமாவிடம் சொல்ல வேண்டிய எதையும் எல்லோரும் அம்மாவிடமே சொல்வார்கள். தம்பிக்கு வாய் அக்காதான் என்று லயத்து வீடுகளில் எப்போதோ முடிவாகியிருந்தது. மாமா மட்டையை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். அதன்பிறகு மைதானத்துப் பக்கமே போகவில்லை.

கண்டியில் ஒரு தையற்கடைக்கு வேலைக்குப் போன பிறகு, அவருக்குக் காது கேளாத கூட்டாளிகள் கிடைத்தார்கள். வீட்டுக்கு வந்தாலும் ஃபோனை ஜன்னலில் சாத்திவைத்து, வீடியோவில் அவர்களோடு கைகளாலேயே அரட்டைதான். மலையகத்துக் காது கேளாதோருக்கு விளையாட்டுச் சங்கம் தொடங்குகிறார்கள், தானும் மறுபடி விளையாடலாம் என்று ஒருநாள் எங்களுக்குப் புரியவைத்தார். "தனியா போயி என்னத்த சொல்லுவ?" என்று அம்மாவும் புடவை மாற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கண்டியில் அந்த மண்டபம் நிறைய ஆட்கள். சிங்களவர், முஸ்லிம்கள், நம்மவர்கள் என்று எல்லோரும் ஒரே பாஷையில் கைகளால் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார். அதுதான் அங்கே மணி. அத்தனை கைகளும் ஒன்றாக அடங்கின. நான் வாயைப் பிளந்தேன். அப்படியொரு அழகை அதற்குமுன் நான் கண்டதில்லை.

தன்னைப் பற்றிச் சொல்ல மாமாவின் முறை வந்ததும் அம்மா பழக்கதோஷத்தில் எழுந்து, "எந்தம்பி நல்லா வெளாடுவானுங்க..." என்று தொடங்கினார். ஒருவரும் திரும்பவில்லை. எல்லாக் கண்களும் மாமாவின் விரல்களில் இருந்தன. அவர் ஓடியதையும் அணித்தலைவர் கோபத்தில் குதித்ததையும் நடித்துக் காட்ட, மண்டபமே குலுங்கிச் சிரித்தது. பிறகு அம்மாவைச் சுட்டிக்காட்டி நெடுநேரம் ஏதோ சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்துக் கைகளை உயர்த்தி அசைத்தார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். அன்றே மாமாவைச் சங்கத்தின் கிரிக்கெட் அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில், "ஒங்களப் பத்தி மாமா என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"தெரியலடி" என்று அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதுவரை மாமாவைப் பற்றி அம்மாதான் ஊரெல்லாம் பேசியிருக்கிறார். அம்மாவைப் பற்றி மாமா ஊரறியப் பேசிய முதல் நாள் அது என்பது அப்போது எனக்கு எட்டவில்லை. மலைப்பாதை வளைவில் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறதாக்கும் என்று நினைத்து, மோந்து பார்க்கப் பையிலிருந்த எலுமிச்சங்காயை எடுத்து நீட்டினேன்.