சுத்த சைவ ரக்கெட்

என் கணவர் ஏழு வருடமாக ஒரே மாதிரித்தான் டெனிஸ் விளையாடினார். மாறிக்கொண்டே வந்தவை அவருடைய சாமான்கள். கலியாணம் முடித்த வருடம் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து வந்தது. அடுத்த வருடம் வெள்ளைக் காற்சட்டை. பிறகு வெயிலுக்கு நெற்றியில் கட்டும் பச்சை மறைப்பு, பிறகு மணிக்கட்டுப் பட்டி, பிறகு ரக்கெட் வளையாமல் இறுக்கி வைக்க நாலு மூலையிலும் திருகாணி போட்ட ஒரு மரச்சட்டம். ஒவ்வொன்று வரும்போதும் அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி நின்று, "இஞ்சேர், இனித்தான் பாரும் என்ரை ஆட்டத்தை" என்பார். நானும் பார்த்தேன். பந்து முன்பு எந்தப் பனையில் போய் மோதியதோ அதே பனையில்தான் போய் மோதியது.

பார்க்க நான் எங்கும் போகத் தேவையில்லை. மருதனார்மடத்துக்குக் கிட்ட, எங்கள் வளவுக்கு அடுத்த வளவில்தான் கிளப்பின் மைதானம். புற்றுமண் போட்டு இறுக்கி, சாணம் மெழுகி, சுண்ணாம்பால் கோடு கீறியிருப்பார்கள். பின்னேரம் வாத்திமாரும் கந்தோர்களில் வேலை செய்பவர்களுமாக எட்டுப் பத்துப் பேர் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். இரண்டு வளவுக்கும் நடுவில் பனையோலை வேலி. அந்த வேலியில் ஆள் குனிந்து போய்வர ஒரு பொட்டு. என் கணவர் படிப்பித்துவிட்டு வந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அந்தப் பொட்டுக்குள்ளால்தான் போவார். நான் கறிவேப்பிலை பிடுங்குகிற சாட்டில் வேலியோரம் நிற்பேன். அந்த ஏழு வருடமும் எங்கள் கறிவேப்பிலை மரம் மொட்டையாகவே நின்றது.

நான் வெறுமனே விடுப்புக்கு வேடிக்கை பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. வெள்ளைக்கார அம்மாமார் நடத்திய விடுதிப் பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் டெனிஸ் விளையாடியவள் நான். முதல் அடியை வென்றால் பதினைந்து என்று தொடங்கும் அந்த விளையாட்டின் கணக்கும் எனக்கு மனப்பாடம். பெண் பார்க்க வந்த அன்று என் தாயார் என் காதுக்குள், "தையல், சங்கீதம் எண்டு மட்டும் சொல்லு. பந்தடிச்ச கதை வாயிலை வரப்படாது" என்றார். அப்படியே சொன்னேன். பெண் பார்க்க வந்தவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காத ஒன்றை வலியப் போய்ச் சொல்ல எனக்கும் ரோசம் விடவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை கிளப்பிலிருந்து நாலு பேர் பருத்தித்துறைக்குப் போய் அங்கே உள்ளவர்களோடு விளையாடிவிட்டு, விருந்தும் சாப்பிட்டு வருவார்கள். என் கணவர் ஏழு வருடமும் ஐந்தாவது ஆள். ஐந்தாவது ஆளுக்கு பஸ்ஸில் இடம் உண்டு, விருந்தில் இலை உண்டு, மைதானத்தில் மட்டும் இடமில்லை. அந்த வருடம் நாலாவது ஆள் மாற்றலாகி மட்டக்களப்புக்குப் போனார். காலியான இடம் என் கணவருக்கா, புதிதாக வந்த தபால் கந்தோர்க்காரனுக்கா என்று கேள்வி வந்தது. அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்த கிளப்பின் கப்டன் தீர்ப்புச் சொன்னார். சரஸ்வதி பூசை முடிந்து வரும் சனிக்கிழமை இரண்டு பேரும் மோத வேண்டும். வென்றவருக்கு இடம். "தோத்தால், மாஸ்டர், இனிமேல் உந்தப் பேச்சை எடுக்கப்படாது" என்று என் கணவரிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. "எனக்கு முப்பத்தாறு வயசு. உது போனால் சரி, பிறகு பந்து பொறுக்கத்தான் கூப்பிடுவினம்" என்றார். எனக்கு மனம் இளகிவிட்டது. கிட்டப் போய் உட்கார்ந்து என்ன சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் நிமிர்ந்து, "ஆனால் கவலைப்படாதையும். கொழும்புக்குப் புது ரக்கெட்டுக்கு எழுதிப் போட்டிட்டன்" என்றார். இளகின மனம் அந்த இடத்திலேயே இறுகிப்போனது.

ரக்கெட் ரயிலில் வந்தது. அழகான சாமான்தான், பொய் சொல்லக்கூடாது. தேன் நிறத்தில் பிடி, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் நரம்பு, விரலால் தட்டினால் வீணை மாதிரி ஒரு சத்தம். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு கதிரையை விட்டு எழும்பவில்லை. பந்தால் அடித்துப் பாருங்கோ என்றால், "முதலிலை பூசை" என்றார். நவராத்திரியின் ஒன்பதாம் நாள் புத்தகம், பேனை, என் தையற்பெட்டி, வீட்டிலிருந்த மண்வெட்டி வரைக்கும் சரஸ்வதிக்கு முன்னால் அடுக்கினோம். எல்லாவற்றுக்கும் மேலே ரக்கெட் ஏறி உட்கார்ந்தது. நானே சந்தனப்பொட்டு வைத்தேன்.

பூசை முடிந்து அவலும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பெட்டிக்குள் இருந்த இங்கிலீசுக் கடதாசியை விரித்து எனக்குத் தமிழில் விளங்கப்படுத்தத் தொடங்கினார். மரம் எந்தத் தேசத்து மரம், பிடிக்குப் போட்ட தோல் எப்படிப்பட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நரம்புக்கு வந்ததும் குரலை உயர்த்தினார்.

"நரம்பு முழுக்க முதல்தரமான ஆட்டுக் குடலாம்! ஒரு ஆடு காணாதாம், கனக்க ஆடு வேணுமாம்!"

என் வாயில் இருந்த கடலை அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது நாளும் விரதம். மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சுகிற சட்டிகளைக் கழுவி, வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் கவிழ்த்து வைத்து, வீடு வாசல் எல்லாம் மெழுகி வைத்திருக்கிறேன். சரஸ்வதிக்கு முன்னால் ஒரு பட்டி ஆட்டுக் குடல் சந்தனப்பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது. இவர் கடலையைச் சப்பிக்கொண்டே கோயிலுக்கு வெளிக்கிட்டுவிட்டார்.

பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. மச்சத்தைச் சாமியறையில் வைத்திருக்கவும் கூடாது. எந்தக் குற்றம் பெரிது என்று அம்பாளையே கேட்டேன். அவ பதில் சொல்லாதபடியால் நானே முடிவெடுத்தேன். ரக்கெட்டைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், மஞ்சள் கரைத்த தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் உரஞ்சித் தேய்த்து, வாளித் தண்ணீரில் மூன்று முழுக்கும் கொடுத்தேன். தீட்டுக் கழிக்க எங்கள் வீட்டில் வேறு என்ன வழி இருந்தது? பிறகு துடைத்து, புதிதாக ஒரு சந்தனப்பொட்டும் வைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டுத் தேவாரம் பாடினேன்.

விசயதசமி காலை அவர் குளித்து முழுகி வந்து ரக்கெட்டை எடுத்தார். நரம்பு மஞ்சள் நிறத்தில் தொளதொளத்துப்போய்க் கிடந்தது. நடந்ததைச் சொன்னேன். சரி, காயட்டும் என்று வெயிலில் வைத்தோம். வெயில் ஏறவும் 'டங்' என்று ஒன்று அறுந்தது. ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் இன்னொன்று, பிறகு மளமளவென்று நாலைந்து. நானும் அவரும் முற்றத்தில் நின்று அந்தக் கச்சேரியைக் கடைசிவரை கேட்டோம்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். அப்படியே மண்ணில் குந்திவிட்டார். சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். கொழும்புக்கு அனுப்பித் திருத்தி எடுக்க நேரமில்லை. இந்த மனிசனுடைய ஆசையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றியவள் நான்தான். ஆனாலும் வாய் சும்மா கிடக்கவில்லை.

"மச்சத்தைக் கொண்டுவந்து சாமியறையிலை வைச்சது ஆர்? பழைய ரக்கெட் ஏழு வருசம் சுவரிலை தொங்குது. அதாலை ஒரு கரைச்சல் வந்ததே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக, "அதுவும் ஆடுதான்" என்றார்.

பழைய ரக்கெட் தொங்கின ஆணி சாமியறைக் கதவுக்குப் பக்கத்து ஆணி. ஏழு வருடம், ஏழு நவராத்திரி, எத்தனை வெள்ளிக்கிழமை! எனக்கு முதலில் தலை சுற்றியது, பிறகு எங்கிருந்தோ சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அவர் முறைத்தார். முறைப்பு நிற்கவில்லை. அவரும் சிரிக்கத் தொடங்கினார். வளவில் மேய்ந்துகொண்டிருந்த எங்கள் ஆடு ஒருமுறை கத்தியது. அதற்குப் பிறகு எங்களால் நிறுத்தவே முடியவில்லை.

சிரித்து முடிந்ததும் எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. தும்புக்கயிற்றை மெல்லிசாகத் திரித்து, கட்டில் பின்னுகிற மாதிரி அந்தப் புது ரக்கெட்டைப் பின்னி எடுத்தேன். சுத்த சைவ ரக்கெட். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தின் ஒரு பக்கத்தில் நின்று, "பழசை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றேன்.

"நீரோ?"

"ஓம், நான்தான். பந்தைப் போடுங்கோ."

குழந்தைக்குப் போடுகிற மாதிரி ஒரு பந்து போட்டார். அது வந்த வேகத்துக்கு இரண்டு மடங்கில் அவர் காலடிக்குத் திரும்பியது. இரண்டாவது பந்தைக் கொஞ்சம் மரியாதையாகப் போட்டார். அதுவும் அப்படியே. முற்றத்தைச் சுற்றி ஓடி ஓடிக் களைத்து, தென்னையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "உதெல்லாம் எங்கை பழகினீர்?" என்று கேட்டார். சொன்னேன். "ஏழு வருசமா ஏன் சொல்லேல்லை?" என்றார். "நீங்கள் கேக்கேல்லை" என்றேன்.

வேலிக்கு இந்தப் பக்கத்தில் நின்று பார்த்தபோது பிடிபடாத ஒன்று முன்னால் நின்று பார்த்தபோது பளிச்சென்று பிடிபட்டது. பந்து வரும்போது இந்த மனிசன் பந்தைப் பார்ப்பதில்லை. கையிலுள்ள ரக்கெட்டைப் பார்க்கிறார். அது சரியாகப் பிடித்திருக்கிறதா, வடிவாக இருக்கிறதா என்று பார்க்கிறார். சப்பாத்து வாங்கின வருடம் சப்பாத்தைப் பார்த்திருப்பார். இதில் அந்தப் புது ரக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் பந்து வந்ததே தெரிந்திராது. நான் அதைச் சொன்னதும் கோபம் வந்தது அவருக்கு. "விசர்க் கதை" என்றார். அடுத்த பந்தையும் ரக்கெட்டைப் பார்த்தபடி அடித்தார். அது கறிவேப்பிலை மரத்தில் போய் நின்றது. பிறகு தானே போய்ப் பந்தை எடுத்துவந்து தந்து, "திருப்பிப் போடும்" என்றார்.

அடுத்த மூன்று நாளும் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுடச்சுடத் தொடங்கினோம். கிளப்புக்கு அவர் போகவில்லை. பந்தின் ஒரு பக்கத்தில் நான் கண்மையால் புள்ளி வைத்தேன். "புள்ளி எங்கை எண்டு சொல்லிப்போட்டு அடியுங்கோ" என்று கத்துவேன். அவர் "மேலை! கீழை! இடப்பக்கம்!" என்று கூவிக் கூவி அடிப்பார். தெருவால் போனவர்கள் எங்கள் வீட்டுக்குப் பேயோட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அவ்வளவு சந்தோசம். கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படி ஒரு கூத்தும் அடித்ததில்லை.

சனிக்கிழமை நான் கறிவேப்பிலைச் சாட்டைக்கூட விட்டுவிட்டு நேராகப் பொட்டடியில் போய் நின்றேன். தபால் கந்தோர்க்காரன் இளவட்டம், வேகமாக ஓடினான். முதல் மூன்று ஆட்டமும் அவனுக்கே போயின. என் கை சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தது. நாலாவது ஆட்டத்தில் என் கணவருடைய வாய் முணுமுணுக்கத் தொடங்கியதைக் கண்டேன். "மேலை, கீழை" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். அந்தப் பழைய ரக்கெட்டால் வலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் பந்தைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். அலங்காரம் ஒன்றுமில்லை. பொடியனுக்குத்தான் பொறுமை போனது. ஆறுக்கு நாலு என்று என் கணவர் வென்றார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு துள்ளியதில் ஓலை ஒன்று கையோடு வந்துவிட்டது.

எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கப்டன் பழைய ரக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், உதுக்கு என்ன செய்தனீர்? நரம்பு மாத்தினீரோ?"

"ஒண்டும் மாத்தேல்லை. என்ரை மனிசிதான் பழக்கினவ."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். கப்டன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பகிடியை விடும், எந்தக் கடை எண்டு சொல்லும்" என்றார். எனக்குக் காது சூடாகியது. என் கணவரும் சேர்ந்து சிரித்துவிட்டு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். இடம் கிடைத்துவிட்டது, அதற்குமேல் அவருக்கு என்ன தேவை?

அவர் சிரிக்கவில்லை. வேலியடிக்கு வந்து பொட்டுக்குள்ளால் கையை நீட்டினார்.

"வாரும். வந்து ஒரு பந்து போட்டுக் காட்டும்."

சமையலுக்குக் கட்டிய சேலை, காலில் ஒன்றுமில்லை. குனிந்து அந்தப் பக்கம் போனேன். என் கணவர் பழைய ரக்கெட்டைக் கப்டனிடமிருந்து வாங்கி என் கையில் தந்தார். கப்டன் இன்னும் சிரித்த முகத்தோடு போய் எதிரே நின்றார். தன்னுடைய ரக்கெட்டைத் தளர்வாகப் பிடித்திருந்தார். நான் பந்தை மேலே எறிந்து, இறங்கி வர விட்டு, நாலு வருடம் பழகின கையால் ஓங்கி அடித்தேன். அவர் அசையவில்லை. பந்து அவருக்குப் பின்னாலிருந்த வேலியில் மோதி உருண்டு வந்து அவர் சப்பாத்தில் முட்டி நின்றது.

கப்டன் குனிந்து அந்தப் பந்தைப் பார்த்தார். பிறகு என் கணவர், தெருவுக்கே கேட்கிற மாதிரி, சந்தோசம் தாங்காத குரலில் கத்தினார்:

"பதினைஞ்சு – பூச்சியம்! என்ரை மனிசிக்குப் பதினைஞ்சு!"