ஆற்றில் போட்ட பேரேடுகள்

எனக்குக் கல்யாணமாகிச் சின்னமனூருக்கு வந்தபோது மாமனார் வீட்டில் பதினொரு பேர் இருந்தோம். அறைகள் மூன்று. ஒன்றில் சாமி படங்களும் பித்தளைப் பாத்திரங்களும், இன்னொன்றில் விதைநெல், மூன்றாவதில் கணக்குப் புத்தகங்கள். மனிதர்களுக்கென்று அறை கிடையாது. ஆண்கள் முன்பக்கம் நெல் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்துக்கொள்வார்கள், பெண்கள் நாங்கள் உள்கூடத்தில் வரிசையாகப் படுத்துக்கொள்வோம். புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று எங்களைப் பற்றி யாரும் நினைக்காமல் இல்லை. நினைத்து என்ன செய்ய, இடம் இருந்தால்தானே. என் மாமியாருக்கு, நான் அத்தை என்று கூப்பிடுவேன், மாதத்தில் ஒன்றிரண்டு நாள் திடீரென்று பக்தி வந்துவிடும். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் ஒருவர் விடாமல் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவார். என்னை மட்டும் சோறு வடிக்கவும், முன்பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிடவும் விட்டுவிட்டுப் போவார். அந்தப் புண்ணியவதியை நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் அப்போதும் வாய்விட்டுப் பேச முடியாது, முன்பக்கம் மண்டியில் ஆண்கள் இருப்பார்கள். ஒன்றரை வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தாற்போலப் பத்து நிமிஷம் பேசியதில்லை. பேசினாலும் குசுகுசுவென்றுதான், அதுவும் ‘உப்பு இருக்கா’, ‘வேட்டி காஞ்சிருச்சா’ என்பதற்கு மேல் போகாது. நான் கம்பத்துக்காரி. என் வாய் எட்டு வீட்டுக்குக் கேட்கும் என்று என்னைப் பெற்றவள் சொல்வாள். அந்த வாயை மூடிக்கொண்டு ஒன்றரை வருஷம் இருந்தேன் என்றால் என் பொறுமையை நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த மூன்றாவது அறை வேண்டும். வேறு நகை நட்டு எதுவும் வேண்டாம்.

அந்த அறையில் முப்பது வருஷத்துப் பேரேடுகள் இருந்தன. சிவப்புத் துணி ஒட்டிய நீளநீளமான புத்தகங்கள். யார் எத்தனை மூட்டை நெல் போட்டார்கள், யார் முன்பணம் வாங்கினார்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த வயலை எழுதிக்கொடுத்து அரிசி எடுத்தார்கள் என்று எல்லாம் மாமா கையெழுத்தில். கரையான் பிடிக்காமல், ஈரம் ஏறாமல் ஒவ்வொரு கட்டையும் மெழுகுசீலையில் சுற்றிச் சணலால் இறுக்கி அடுக்கியிருந்தார். எப்போதோ ஒரு வழக்கில் பதினோரு வருஷத்துப் பழைய பேரேட்டைக் காட்டி அவர் ஜெயித்தாராம். அன்றிலிருந்து ஒரு தாளைக்கூட வெளியே விட்டதில்லை. பேத்திக்கு மூக்குச் சளி துடைக்கக்கூடக் கிடைக்காது.

வருஷ அரிசி வாங்கப் பெரியகுளம் வக்கீல் ஒருவர் எங்கள் மண்டிக்கு வருவார். மாமா அவர் சொல்லை மட்டும் மறுக்க மாட்டார். அந்தத் தடவை அவர் வந்தபோது காப்பியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, தூணைப் பார்த்துக்கொண்டு நான் பேசினேன். மாமனாரிடம் மருமகள் நேராகப் பேசக்கூடாது என்பதால் எங்கள் பக்கத்தில் தூண்களுக்கு நிறைய விஷயம் தெரியும்.

“ஏன் அத்தே, பழைய கணக்கையெல்லாம் எத்தன வருசத்துக்கு வச்சிருக்கணுமாம்?”

அத்தை பதில் சொல்லுமுன் வக்கீலே சொன்னார். “நோட்டுக் கடன்னா மூணு வருசம். நெலத்த வச்சு எழுதுன பத்திரம்னா பன்னெண்டு. அதுக்கு முந்தினத வச்சுக்கிட்டு கோர்ட்டுல ஒண்ணும் செய்ய முடியாது. வரி ஆபீசுக்கும் அம்புட்டுப் பழசு தேவைப்படாது. எதுக்கு ரூம அடச்சுக்கிட்டு?”

மாமா வெகுநேரம் மீசையைத் தடவினார். பிறகு, “சரி, பன்னெண்டுக்கு மேலயுள்ளதக் கழிச்சிருவோம்” என்றார். எனக்கு அடுப்படிக்குள் போய்க் குதிக்கவேண்டும் போல இருந்தது. போய்க் கொஞ்சம் குதிக்கவும் செய்தேன்.

குதித்தது வீண். எப்படிக் கழிப்பது என்பதில் ஆறு மாதம் போயிற்று. கொல்லையில் போட்டுக் கொளுத்தலாம் என்றார் என் வீட்டுக்காரர். மாமா துள்ளி எழுந்தார். “கணக்க எரிச்சா ஊரு என்ன சொல்லும்? இவன் திவாலாகி மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறான்னு சொல்லும். பொழுது சாயறதுக்குள்ள நெல்லுப் போட்டவுகெல்லாம் வாசல்ல வந்து நிப்பாக.” யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், காகிதத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. பலசரக்குக் கடைக்காரர் பொட்டலம் மடிக்க எடைக்கு எடை கேட்டு வந்தார். மாமா அவரையும் விரட்டினார். “ஒருத்தன் வீட்டுக் கஷ்டத்துல இன்னொருத்தன் கருப்பட்டி மடிச்சுக்கிட்டுப் போகவா?” இதில் மட்டும் அவர் பக்கம் நியாயம் என்று நான் ஒத்துக்கொள்கிறேன். அந்தப் புத்தகங்களில் இருந்தது அரிசிக் கணக்கு மட்டுமில்லை, பாதி ஊரின் மானம். மண்ணில் புதைத்தால் கரையான் வீட்டுக்கே வரும் என்று அதுவும் வேண்டாமென்றார். புத்தகங்கள் அசையவில்லை.

சித்திரையில் வீரபாண்டி அம்மன் திருவிழா வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினோம். என் வீட்டுக்காரர் மட்டும் மண்டிக்குக் காவல் இருக்கிறேன் என்று நின்றுகொண்டார். நல்ல பிள்ளை என்று மாமா தட்டிக்கொடுத்தார்.

வீரபாண்டியில் அன்று ஆற்றில் தண்ணீரைவிட ஆள்தான் அதிகம். குளிப்பவர்கள், ஆத்தாளுக்கு ஊற்றக் குடத்தில் நீர் எடுப்பவர்கள், தீச்சட்டி எடுக்குமுன் முழுக்குப் போடுபவர்கள். நானும் இடுப்பளவு நீரில் நின்று குடத்தை முக்கினேன். குடத்தில் ஏதோ இடித்தது. விலக்கிவிட்டேன், மறுபடியும் வந்து இடித்தது. பார்த்தால் மெழுகுசீலை, அதன் மேல் மாமா முடிந்த சணல் முடிச்சு.

என் கையிலிருந்து குடம் நழுவிவிட்டது. என் வீட்டுக்காரர் என்ன செய்திருக்கிறார் என்று அந்த நிமிஷமே எனக்கு விளங்கிப்போயிற்று. ஊரே காலியாக இருக்கிற நாள், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று, கழிக்க வேண்டிய கட்டுகளைச் சாக்கில் கட்டிக் கல்லை வைத்து எங்கள் ஊர் ஆற்றில் போட்டிருக்கிறார். அதே ஆறுதான் கீழே வீரபாண்டிக்கு வருகிறது, சாக்கும் அவிழ்ந்துவிட்டது. மாமா கட்டிய கட்டு அவிழவில்லை. புத்தகங்கள் தக்கையாக மிதந்துகொண்டு, ஊர் முழுக்க எங்கே போயிருந்ததோ அங்கேயே வந்து சேர்ந்துவிட்டன.

அந்தக் கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதற்குள் இன்னும் பத்துக் கட்டு மிதந்து வந்தது, பின்னால் இருபது. “ஏலே, கணக்குப் புத்தகம்லே, மிதிச்சிராதீக” என்று ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தவர் கத்தினார். அவ்வளவுதான், ஆளுக்கொரு கட்டாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கரையேறினார்கள். அட்டையில் கடை விலாசம் இருக்கிறதே. கரையில் மொட்டைத்தலைப் பேரனோடு உட்கார்ந்திருந்த மாமாவின் முன்னால் கொண்டுவந்து குவித்தார்கள். ஒருவர் மட்டும் தன் மாமன் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் தருவேன் என்றார். அத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினார்.

“திருட்டுப்பய எவனோ தூக்கிட்டு வந்து போட்டுருக்கான். ஆத்தா தடுத்து நிறுத்திக் குடுத்துட்டா பாருங்க” என்றாள் தீச்சட்டியோடு நின்ற ஒரு கிழவி. மாமாவின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். எனக்கும் அழுகை வந்தது, அது வேறு அழுகை.

திரும்பும்போது புத்தகங்கள் வண்டியில் வந்தன. பெண்கள் நாங்கள் பாதி வழி நடந்து வந்தோம்.

வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்ததும் வெளுத்துப்போனார். ஆனால் பொய் சொல்லவில்லை. “நாந்தேன்யா போட்டேன்” என்று தலையைக் குனிந்துகொண்டார். மாமா திட்டியிருந்தால்கூடத் தேவலை. புத்தகங்களுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, அந்த அறையிலேயே அடுக்கி, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “இது இனிமே ஆத்தா குடுத்தது. ஒருத்தரும் தொடக்கூடாது” என்றார். அடுத்த பத்து நாளும் ஆற்றோரத்து ஊர்களிலிருந்து ஆட்கள் விட்டுப்போன கட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தபடி இருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நான் மோர் கலக்கிக் கொடுத்தேன். என் அறையை அடைக்க வந்தவர்களுக்கு என் கையாலேயே மோர் வேறு.

என் வீட்டுக்காரரை என்ன செய்யலாம் என்று ஆத்திரமாக வந்தது எனக்கு. ஆனால் எங்கே வைத்துத் திட்டுவது? கூடத்தில் ஆள், கொல்லையில் ஆள், கிணற்றடியில் ஆள். சோறு போடும்போது ஓர் அகப்பைக் குழம்பைக் கூடுதலாக ஊற்றி முறைத்ததோடு சரி.

வைகாசியில் ஒரு நாள் அத்தை முறத்துக்குக் காகிதக்கூழ் பூசிக்கொண்டிருந்தார். பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டிப் பூசினால் முறத்தின் ஓட்டை எல்லாம் அடைபட்டுப்போகும். அதே கூழைக் கவிழ்த்த பானைமேல் அப்பிக் காயவைத்தால் கூடையாகிவிடும். பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு மூளையில் பளிச்சென்றது. மாமா சாப்பிட உட்காரும்வரை காத்திருந்து, தூணிடம் போனேன்.

“ஏன் அத்தே, கோயில்ல குடுக்குற பிரசாதத்தப் பூட்டி வச்சா என்ன ஆகும்?”

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. “ஊசிப் போகும்” என்றார்.

“அப்ப அத என்ன செய்யணும்?”

“நாலு பேருக்குக் குடுக்கணும்.”

மாமாவின் கை இலையில் நின்றது. “பிரசாதம் வேற, கணக்கு வேற.”

“ஆத்தா கையில இருந்து வந்தது எல்லாமே பிரசாதந்தேன்” என்றார் அத்தை. “கூழாக்கிக் கூடை செஞ்சு தெருவுல உள்ள பொண்டுகளுக்குக் குடுப்போம். அரச்ச கூழுல எந்த மகராசன் யாரு கணக்கப் படிக்கப் போறான்? பொகையும் கிடையாது, பொட்டலமும் கிடையாது.”

மாமா சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், வாய் கொப்பளித்தார்.  “காலுல படாதுல்ல?” என்றார்.

“கூடைய யாராச்சும் காலுலயா மாட்டுவாக? தலையிலதேன் சுமப்பாக.”

சாவி அத்தை கைக்கு வந்தது.

அடுத்த ஒரு வாரம் எங்கள் கொல்லையில் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு உட்பட்ட புத்தகங்களை வக்கீல் சொன்னபடியே பிரித்து ஒரு தகரப்பெட்டிக்குள் வைத்தோம், பெட்டி மண்டிக்குப் போனது. மற்றதையெல்லாம் மாமா தன் முன்னாலேயே கிழிக்கச் சொன்னார். ஒரு தாள்கூட வெளியே போகக்கூடாதென்று நெல் அவிக்கும் அண்டாக்களுக்குப் பக்கத்தில் கம்போடு உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள் ஊறியதும் தெருப் பெண்கள் உரலும் உலக்கையுமாக வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி, “எங்க வீட்டு ஆளு வாங்குன கணக்கு எந்த அண்டாவுல கெடக்கு? அத எங்கிட்ட விடுங்க, நானே குத்துறேன்” என்று சேலையை இழுத்துச் செருகினாள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு உலக்கை பிடிக்க முடியவில்லை. மாமாகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மேற்கே மலையிலிருந்து அடித்த காற்றில் கூடைகள் இரண்டே நாளில் காய்ந்துவிட்டன. சாம்பல் நிறத்தில், வீட்டுக்கு இரண்டாகத் தெரு முழுக்கப் போயின.

அறைக்கு வெள்ளையடித்து, சாணம் மெழுகி, என் தகரப்பெட்டியையும் ஒரு பாயையும் அத்தையே உள்ளே கொண்டுபோய் வைத்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் பழக்கத்தில் குசுகுசுவென்று, “ஒருவழியாக் கெடச்சிருச்சு” என்றார்.

நான் ஆசையாக ஏதாவது சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

“திருவிழா நாளாப் பாத்து ஆத்துல போடுவீகளா? எந்த மனுசனாவது அப்படிச் செய்வானா?”

“அன்னைக்கு ஊரே காலியா இருந்துச்சு.”

“ஊரு எங்க போயிருந்துச்சு? ஆத்துக்குள்ளதான நின்னுச்சு! என் குடத்துல வந்து இடிக்குது.”

“சாக்கு அவுந்தா நான் என்ன செய்ய?” என்று அவரும் குரலை உயர்த்தினார். அப்போதுதான் முதல்முதலாக அவர் குரலை முழுசாகக் கேட்டேன். நல்ல கனமான குரல். எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் நிறுத்தவில்லை. வண்டிக்குப் பின்னால் பாதி வழி நடந்து வந்ததைச் சொன்னேன். தலைத்தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரத்தைக் குறை சொன்னதைச் சொன்னேன். காய்ச்சலாகக் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காததைச் சொன்னேன். எட்டிப் பார்த்தேன், ஆறு பேர் உன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள் என்று அவர் கத்தினார். அது எனக்குத் தெரியாது. வெளியே மாமா பதறி எழுந்த சத்தம் கேட்டது. “உக்காருங்க. புருசனும் பொஞ்சாதியும் பேசிக்கிட்டு இருக்காக” என்று அத்தை அவரை அதட்டியதும் கேட்டது.

நான் மூச்சு வாங்க நின்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டுப் பேசுவியா நீ?”

“பேசுவேன்.”

“இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, “சரி, சொல்லு” என்றார்.