மாத்திரை போடாத மூன்று நாள்

மகள் பிறந்தபோது எனக்கு நிறைய இரத்தம் போனது. பிழைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு சொட்டுப் பால் ஊறவில்லை, தீட்டும் அதன்பிறகு வரவேயில்லை. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்பட்டுவிட்டது என்றார்கள், பத்தியம் தவறியது என்றார்கள். எனக்குக் களைப்பு ஒன்றுதான் பெரிதாக இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் தோள் இற்றுப்போகும். பிள்ளைகள் எழுதி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொள்வேன். "டீச்சர் தூங்குறாங்கடி" என்று அதுகள் கிசுகிசுப்பது கேட்கும். அதட்டத் தெம்பு இருக்காது.

ஆறு வருடம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கித் தீர்த்தபிறகுதான் கண்டியில் ஒரு டாக்டர் விஷயத்தைக் கண்டுபிடித்தார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். பிரசவத்தில் இரத்தம் போனபோது அது பட்டுப்போய்விட்டதாம். அது ஏவினால்தான் மற்றச் சுரப்பிகள் வேலை செய்யுமாம். தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு வராத நாளில் ஆட்கள் நிற்பதுபோல, என் உடம்புக்குள் எல்லாம் சும்மா நின்றிருக்கிறது.

காலையில் வெறும் வயிற்றில் தைரொக்சின். பிறகு ஹைட்ரோகோர்ட்டிசோன், மத்தியானம் அதில் பாதி. ஒரு கிழமையில் பசி வந்தது. தொலைந்துபோன கோபமும் திரும்பி வந்தது, வகுப்பில் நன்றாகவே அதட்டினேன். டாக்டர் சிங்களத்தில் இரண்டு முறை சொன்னார்: ஹைட்ரோகோர்ட்டிசோனை ஒருநாளும் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்காகப் போட வேண்டும், நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அட்டையிலும் எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

நாலு வருடம் கழித்து மகளுக்கு அம்மை போட்டது. எங்கள் குளிரில் வேம்பு ஏது? தேயிலைத் தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, அவர் ஹட்டனுக்குப் போய் வேப்பிலை வாங்கிவந்து வாசலில் செருகினார். தாளிப்பு நின்றது, கருவாடு நின்றது. மகளுக்கு ஆறிவரும்போது எனக்கும் போட்டது. நல்ல காய்ச்சல்.

அம்மை கண்ட வீட்டில் இங்கிலீஷ் மருந்தைத் தொடக் கூடாது என்பது லயத்தில் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கம். அலமாரியில் இருந்த என் மாத்திரைகளை அவர் ஒரு பையில் போட்டுக் கட்டினார்.

"அம்மா எறங்குற வரைக்கும் இது வீட்ல இருக்க வேணாம். நாலஞ்சு நாளுதானே, பொறுத்துக்க. புள்ளைக்கு ஒரு கொறையும் வந்திறக் கூடாது."

"டாக்டர் என்னா சொன்னாருன்னு மறந்துட்டீங்களா?"

"டாக்டருக்கு அம்மாவப் பத்தி என்னா தெரியும்?"

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பையை அடுத்த லயத்தில் தன் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலையில் குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன், கண் இருட்டிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மகள் சொல்லித்தான் தெரியும். "அப்பா, அம்மா பேச மாட்டேங்குது" என்று அவள் கத்தியிருக்கிறாள். அவர் அக்கா வீட்டுக்கு ஓடிப் பையைப் பிடுங்கிக்கொண்டு வந்து, என்னை ஆட்டோவில் ஏற்றி, வழியெல்லாம் என் வாய்க்குள் மாத்திரையைத் திணிக்கப் பார்த்திருக்கிறார். அது எச்சிலோடு வழிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டியதும் ஊசியும் சேலைனும் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்று நர்ஸ் மிஸ்ஸி அவரைப் பிடித்து ஏசினாராம்.

மத்தியானம் கண் விழித்தபோது கட்டிலோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். "என்னாலதான், என்னாலதான்" என்றார். அன்றிலிருந்து காலையில் மாத்திரையும் தண்ணீருமாக வந்து, நான் விழுங்கும்வரை நிற்கிறார். சொந்தக்காரர்கள் வந்தால் தானே எடுத்துச் சொல்கிறார்: "நாந்தான் இவள கொல்லப் பாத்தேன்." அவர்களும் அவரைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை, ஆனாலும் வாய் திறப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் மத்தியானம் போடுவதற்கென்று என் கைப்பையில் எப்போதும் ஓர் அட்டை மாத்திரை இருக்கும். அது அவருக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் கைப்பை தலைமாட்டு ஆணியில்தான் தொங்கியது. அவர் வேலைக்குப் போனபிறகு பகல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சாமிப் பயம் எனக்கு அவ்வளவாகக் கிடையாது. நாள் தவறாமல் விழுங்கி விழுங்கி இந்த உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். மகள் என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அப்படியும் நான் கையை நீட்டவில்லை.