இருமுறை நின்ற விமானம்

ஐம்பதுகளின் கடைசியில் ஒருநாள் அக்காவும் நானும் அன்னவாசலிலிருந்து பதறியடித்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்கு வந்தோம். சென்னை ஆஸ்பத்திரியில் மச்சான் சாகக் கிடந்தார்.

நாங்கள் ஏறிய சென்னை விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்ததும் இடப்பக்கம் திரும்பியது. விமானி உடனே இரண்டு எஞ்சின்களையும் அடக்கி நிறுத்தினார். மெக்கானிக்குகள் வந்து பார்த்த பிறகு மறுபடி ஓடினோம், மறுபடியும் நிறுத்தினார். எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

அந்த விமானி நரைத்த மீசைக்காரர். கைக்குட்டையால் உள்ளங்கைகளை மெதுவாகத் துடைத்தபடியே இருந்தார். அவருடைய நிதானம் எனக்கு எரிச்சலை மூட்டியது.

“கொஞ்சம் சமாளிச்சு ஓட்டக் கூடாதாங்க?” என்று கத்தினேன்.

“இடது எஞ்சின் பின்தங்குது தம்பி. வலது மட்டும் இழுத்தா விமானம் பாதைய விட்டு விலகிரும். நிறுத்துறதத் தவிர வேற வழியில்ல.”

“அங்க என் வீட்டுக்காரரு கெடக்காருங்க,” என்றாள் அக்கா.

“புரியுதும்மா. உள்ள இன்னும் இருபது பேர் இருந்தாங்களே.”

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ரயிலேறி மறுநாள் காலை போய்ச் சேர்ந்தோம். மச்சான் விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தார்.

விமானி செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் அதைச் சொல்லத்தான் இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.