மார்செய் நகரில் நாலு நாள்

மார்செய் நகரத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அங்கே ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஊருக்குள் இறங்க நூற்றுநான்கு படிகள் உண்டென்று தெரியும். படிகளின் அடியிலிருந்து நேரே நடந்து, பெரிய தெருவில் வலப்பக்கம் திரும்பினால் பழைய துறைமுகம். அதன் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரு சின்னப் படகு ஓடும். ஏறி உட்காருவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்களாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஒரு சமையல்காரர். மொன்றியல் டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் நான் கோப்பை கழுவினேன், அவர் அடுப்படியில் நின்றார். மார்செயில் பிறந்தவர். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பிரெஞ்சு வராது, அவருக்கு அது தவிர வேறெதுவும் வராது. கைதான் பாஷை. ஊரில் நான் பேக்கரியில் பாண் போட்டவன் என்று கையாலேயே காட்டினேன். அன்று முதல் மாப் பிசைகிற வேலையில் பாதியை என்னிடம் தள்ளிவிட்டார். சம்பளம் கோப்பை கழுவுகிறவனின் சம்பளம்தான். ஆனாலும் மாவில் கை வைத்தால் எனக்கு மனம் இளகும், அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

மார்செய்க்கு நான் போக நினைத்தது என் மனைவியோடு நாலு நாள் ஊர் சுற்ற. அவள் அப்போது பாரிசில் இருந்தாள். அதைச் சொல்லுமுன் எங்கள் எழுத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் இரண்டு தரம் நடக்கும். முதலில் எழுத்து, அதாவது ரெஜிஸ்ட்ராருக்கு முன்னால் கையெழுத்து வைப்பது. பிறகு நாள் பார்த்துத் தாலிகட்டு. இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கும் போகலாம். அந்த இடைவெளியில் சட்டத்துக்கு அவள் மனைவி. ஊருக்கு அவள் இன்னும் தகப்பன் வீட்டுப் பிள்ளை.

எங்களுக்கு எழுத்து முடிந்தது. ரெஜிஸ்ட்ரார் கந்தோரில் பேனாவைப் பிடித்தபோது என் விரலிடுக்கில் மா ஒட்டியிருந்தது. அதைக் கண்டு அவள் சிரித்தாள். கந்தோரிலிருந்து பஸ் நிலையம் வரை சேர்ந்து நடந்தோம், ஒரு பத்து நிமிடம் இருக்கும். பின்னால் அவளுடைய அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் கொஞ்சம் நெருங்கினால் மணியை அடிப்பார். தாலிகட்டுக்கு நாள் வைத்த பிறகு ஊர் குழம்பியது, பேக்கரி எரிந்தது, நான் ஓடவேண்டி வந்தது. அந்தப் பத்து நிமிடம்தான் நாங்கள் சேர்ந்து நடந்த தூரம்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் பாரிசுக்கு வந்து, தங்கையையும் அங்கே கூப்பிட்டு எடுத்துவிட்டார். பாரிசில் அவர்கள் இருந்தது ஒரு அறை. அதில் பதினொரு பேர். டெலிபோன் அந்த அறையின் நடுவில் இருந்தது. நான் எடுத்தால் பத்துப் பேரும் கதையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். அதனால் அவள் ‘ஓம்’ என்பாள், அல்லது ‘இல்லை’ என்பாள். மிச்சமெல்லாம் கடிதத்தில் வரும். அவள் பத்தாம் வகுப்புத் தாண்டியவள், நீளமாக எழுதுவாள். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ஒரு கடிதத்தில் கேட்டிருந்தாள்: “உங்களுக்குப் பேப்பர் கிடைச்சால் இஞ்ச வருவியளோ? ஆனால் இந்த அறைக்கு வேண்டாம். ஆருமில்லாத ஒரு இடத்தில உங்களோட நாலு நாள் நடக்கவேணும்.”

இதைச் சமையல்காரரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. விளங்கியதும் அவர் கரண்டியை வைத்துவிட்டார். மேசைக்கு விரிக்கிற கடதாசி ஒன்றைத் திருப்பிப்போட்டு, லாடம் மாதிரி ஒரு துறைமுகத்தைக் கீறினார். காலையில் மீன் விற்கிற கரை இது. மலை உச்சியில் கோயில், அதன்மேல் தங்கம் பூசிய மாதா, கையில் பிள்ளை. கடலுக்குப் போகிறவர்கள் நேர்த்தி வைப்பது அவளுக்குத்தான். இங்கே தன் பெரியம்மாவின் சின்ன ஹோட்டல், ஜன்னலைத் திறந்தால் பாய்மரம் தெரியும். முதல் நாள் மலை ஏறக்கூடாது, கால் வலித்தால் பெண்டாட்டி உன்னோடு கோபிப்பாள் என்று காலைத் தடவிக் காட்டினார். ஓரத்தில் நாலு நாளுக்கும் நாலு கட்டம் போட்டு, எந்தப் பொழுதுக்கு எந்த இடம் என்று நிரப்பினார். நீங்கள் ஊருக்குப் போய் எவ்வளவு காலம் என்று கேட்டேன். அவர் குனிந்து கீறிக்கொண்டே இருந்தார். அந்தக் கரையில் ஒரு மரம், அந்த மூலையில் ஒரு குழாயடி என்று, எனக்குத் தேவையில்லாததையெல்லாம் கீறினார்.

மொன்றியலின் கோட்-டெ-நேஜ் பக்கத்தில் நாங்கள் ஆறு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அதில் ஒருவர் ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்தவர். இங்கிலிஷ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அதனால் அந்த வீட்டுக்கு அவர்தான் அரசாங்கம். சுவரில் நான் அந்தக் கடதாசியை ஒட்டியதும் பகிடி தொடங்கியது.

“என்ன அண்ணை, காணி வாங்கப் போறீரோ?”

“கடலுக்குள்ளயும் கோடு கீறியிருக்கு. வள்ளம் விடப்போறார்.”

கச்சேரிக்காரர் மட்டும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். “மூண்டாம் நாள் பின்னேரம் சும்மா கிடக்குது. அதுக்கு ஒண்டும் போடேல்லையே?” என்றார்.

அதை நான் கடிதத்தில் கேட்டேன். அவள் பதில் எழுதினாள்: “மூண்டாம் நாள் பின்னேரம் ஒண்டும் வேண்டாம். சும்மா இருப்பம்.” அந்த வரியை வாசிக்க எனக்கு எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் அண்ணனுக்கு விஷயம் தெரிந்தது. டெலிபோனில் வந்தார்.

“மச்சான், எழுத்து முடிஞ்சது சரி. தாலி ஏறாமல் தங்கச்சியை எப்பிடி ஹோட்டலுக்கு விடுறது? ஊரில அம்மா கேட்டால் நான் என்ன சொல்ல?”

“நாலு நாள்தானே, அண்ணை.”

“நாலு நாள் எண்டபடியால்தான் சொல்லுறன். நானும் வாறன். ரெண்டு அறை எடுப்பம். நானும் நீங்களும் ஒண்டு, அவ ஒண்டு.”

பின்னால் அறையிலிருந்தவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் சம்மதித்தேன். அண்ணன் பின்னால் வந்தால் வரட்டும், அங்கே சைக்கிள் கிடையாது, மணியும் கிடையாது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு குளிர்காலம் முடிகிற நேரத்தில், அகதியாக ஏற்றுக்கொண்டோம் என்று எனக்குப் பேப்பர் கிடைத்தது. பயணம் போகிற புத்தகமும் வந்தது. பிரான்சுக்கு விசா எடுக்க ஒரு கந்தோருக்குப் போனேன். கச்சேரிக்காரர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு கூடவந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். நல்ல மாதிரி, சிரித்த முகம். என்னத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

“மனைவியைப் பார்க்க,” என்று கச்சேரிக்காரர் எனக்காகச் சொன்னார்.

அவள் என் பத்திரங்களைப் புரட்டினாள். பிறகு ஒரு வரியில் விரலை வைத்து எங்களுக்குத் திருப்பிக் காட்டினாள். கலியாணமாகாதவர் என்று அதில் இருந்தது.

நான் உடனே எழுத்துப் பத்திரத்தை எடுத்து நீட்டினேன். பெட்டிக்கடியில் கவனமாக வைத்திருந்து கொண்டுபோனது. அவள் அதன் திகதியைப் பார்த்தாள், இதன் திகதியைப் பார்த்தாள். சிரிப்புப் போய்விட்டது. இந்த இரண்டில் ஒன்று பொய், எது என்று கேட்டாள்.

அகதி விண்ணப்பம் நிரப்பிய நாள் எனக்கு ஞாபகம் வந்தது. குசினி மேசையில் கச்சேரிக்காரர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டிருந்தேன். “கலியாணம் முடிச்சிட்டீரோ?” என்றார். “இல்லை அண்ணை. தாலி கட்டேல்லை,” என்றேன். எழுத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்குமே அது முழுக் கலியாணமாகப் படவில்லை. ஊரில் எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

கண்ணாடிக்கு முன்னால் கச்சேரிக்காரர் தனக்குத் தெரிந்த இங்கிலிஷ் முழுவதையும் சொன்னார். தாலி என்ன, நாள் பார்ப்பது என்ன, எல்லாம் சொன்னார். அவருடைய ரை கழுத்தில் ஒருபக்கமாகப் போய்விட்டது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். முதலில் உங்கள் பத்திரத்தைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று எல்லாவற்றையும் திருப்பித் தந்தாள். அவள் மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. மெட்ரோவில் வரும்போது கச்சேரிக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் கேட்டிருக்கவேணும்,” என்று மட்டும் ஒருதரம் சொன்னார்.

அன்று பின்னேரம் பாரிசுக்கு டெலிபோன் எடுத்தேன். அவள் வந்தாள். பத்துப் பேரும் கதையை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

“விசா தரேல்லை,” என்றேன்.

“ஓம்.”

“நான் முந்தியொரு பத்திரத்தில கலியாணமாகேல்லை எண்டு குடுத்திட்டன். அதால.”

அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“கேக்குதோ உமக்கு?”

“கேக்குது.” பிறகு, அத்தனை பேருக்கும் முன்னால், முதல்முறையாக நீளமாகப் பேசினாள். “கந்தோரில கையெழுத்து வச்சிட்டு வந்து அண்டைக்கு இரவு நான் நித்திரை கொள்ளேல்லை. எனக்குக் கலியாணம் முடிஞ்சிட்டுது எண்டு முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தன். நீங்கள் ஓடினாப்பிறகு எத்தினை பேர் அம்மாவிட்ட வந்து, எழுத்துத்தானே, வெட்டிப்போட்டு வேற இடம் பாருங்கோ எண்டவை தெரியுமோ? நான் ஒவ்வொருத்தருக்கும் நிண்டு மறுமொழி சொன்னனான். நீங்கள் அங்க போய் இறங்கின உடன இல்லையெண்டு குடுத்திட்டீங்கள்.”

“இஞ்சாரும், அது...”

“நான் வைக்கிறன்,” என்றாள்.

சுவரிலிருந்து படத்தை எடுத்து மடித்தேன். ஒருவரும் பகிடி விடவில்லை. சமையல்காரருக்கு விளங்கப்படுத்த நான் முயலவில்லை. அங்கே வெயில் தொடங்கிவிட்டதா, எப்போது பயணம் என்று அவர் கையால் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

பத்திரத்தைத் திருத்த சத்தியக்கடதாசி, வக்கீல், விசாரணை என்று ஒன்றரை வருடம் போனது. விசாரணையில் கலியாணம் முடித்தவரா என்று கேட்டார்கள். ஓம், எழுத்தன்றே முடிந்தது என்று சொன்னேன். அவளுக்குக் கேட்கவேண்டும் போல உரத்துச் சொல்லிவிட்டேன். மொழிபெயர்க்க வந்தவர் திடுக்கிட்டுப்போனார்.

திருத்திய பத்திரத்தை வைத்து அவளை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டேன். விசாவோடு அவள் நேரே மொன்றியலுக்கே வந்தாள். மிராபெல் விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவளை நான் முதலில் அடையாளம் பிடிக்கவில்லை, மெலிந்திருந்தாள். அண்ணன் தாலியும் அதைக் கோக்கிற கொடியும் ஒரு சிவப்புப் பெட்டியில் கொடுத்தனுப்பியிருந்தார். கச்சேரிக்காரர் ஒரு மண்டபம் பேசி, ஐயரையும் பிடித்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தச் சிவப்புப் பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டினாள். பிறகு மூடினாள்.

“இது வேண்டாம்,” என்றாள்.

“அண்ணை பேசப்போறார்.”

“பேசட்டும். இப்ப கட்டினால், அண்டைக்கு நீங்கள் குடுத்தது சரியெண்டு ஆகிடும்.”

கட்டவில்லை. மூன்று பிள்ளைகள் பிறந்து, பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டோம். கலியாண வீடுகளில் சில பெண்கள் அவளுடைய கழுத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்டில் சொந்த வீடு வாங்கினோம். நயாகராவுக்குப் போனோம், மகனின் செலவில் லண்டனுக்கும் போனோம். மார்செய்க்குப் போகவில்லை. அவள் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. கேட்கவேண்டியவன் நான். மூன்றாம் நாள் பின்னேரம் சும்மா இருப்பம் என்று எழுதியவளைக் கூப்பிட எனக்கு முகமில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

போன கிழமை ஒரு பின்னேரம் அவள் கட்டிலில் உட்கார்ந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அறை வாசலில் போய் நின்றேன். மார்செய்க்குப் போவமா என்று இந்த முறை கேட்டுவிடுவோம் என்றுதான் போனேன்.

“என்ன வேணும்?” என்று நிமிர்ந்து கேட்டாள்.

“ஒண்டுமில்லை,” என்றேன். அவள் கட்டிலில் கிடந்த உடுப்பைத் தள்ளி, எனக்கு இருக்க இடம் விட்டாள்.